எண்டியூரன்ஸ் கப்பலின் தலைவர்

டைட்டானிக் கப்பல் மூழ்கிய ஆண்டு எது? கொலம்பஸ் ஏறிச் சென்ற கப்பலின் பெயர் என்ன? டார்வின் உலகைச் சுற்றி வந்தது எந்தக் கப்பலில்? இவற்றுக்கெல்லாம் நம் மாணவியர் கண்ணை மூடிக்கொண்டு விடை சொல்லிவிடுவர். 1912, சாந்தா மரியா, பீகிள் என்று மணி ஒலிக்கும் முன்பே மூன்று கைகள் உயரும். அதனால்தான் இவ்வாண்டுப் பொது அறிவுப் போட்டியில், புகழ்பெற்ற கப்பல்கள் என்னும் சுற்றில், சற்றுக் கடினமான வினா ஒன்றைச் சேர்த்தோம். தென் துருவப் பயணத்தில் எண்டியூரன்ஸ் என்ற தம் கப்பலைப் பனிக்கடலில் இழந்த ஷாக்கில்டன், தம் ஆட்களில் எத்தனை பேரைப் பறிகொடுத்தார் என்பது அவ்வினா.

ஒருவரையும் அல்ல என்பது எங்கள் கையிலிருந்த வினா விடைப் புத்தகம் தந்த விடை. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, மூவர் என்றாள். தவறு என்று மணியடித்தோம். அந்த ஒரு மதிப்பெண்ணால் அவளுடைய அணி சுழற்கோப்பையை இழந்தது. மறுநாள் காலையில் அவள் நூலகத்திலிருந்து ஒரு நூலைக் கொண்டுவந்து எங்கள் மேசைமீது வைத்து, ஒரு பக்கத்தில் காகிதத் துண்டைச் செருகிவிட்டு, ஒன்றும் பேசாமல் போய்விட்டாள். நடுவர்களாகிய நாங்கள் அதை முதலிலிருந்தே படித்தோம். பிறகு வேறு சில நூல்களையும் தேடிப் படித்தோம். கோப்பையைத் திருப்பி வாங்க வழியில்லை. இக்கட்டுரையை அவளுக்கு நாங்கள் பட்ட கடன் என்று கொள்க.

எர்னெஸ்ட் ஹென்றி ஷாக்கில்டன் 1874-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள் அயர்லாந்து நாட்டில், கில்டேர் மாவட்டத்தைச் சேர்ந்த கில்க்கீ என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோருக்குப் பத்துக் குழந்தைகள். இருவர் ஆண், எண்மர் பெண். பண்ணை நடத்தி வந்த தந்தையார் நடுவயதில் அதை விட்டுவிட்டு, டப்ளின் நகருக்குப் போய் மருத்துவம் படித்தார். பின்னர் குடும்பம் இலண்டனுக்குக் குடிபெயர்ந்தது. மகனும் மருத்துவனாக வேண்டும் என்பது தந்தையின் ஆசை; மகனுக்கோ கடல்மேல் ஆசை. டல்விச் பள்ளியில் அவர் சிறந்த மாணவராக விளங்கினார் என்று எழுத எங்களுக்கும் விருப்பந்தான். ஆனால் உண்மை அப்படியில்லை. பதினாறாம் வயதில் பள்ளியை விட்டு, 1890-இல் ஹாட்டன் டவர் என்ற பாய்க்கப்பலில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். முதல் பயணமே தென் அமெரிக்காவின் தென்முனையைக் கடுங்குளிர்காலத்தில் சுற்றிக்கொண்டு சிலி நாட்டுக்கு. 1898-இல் கப்பல் தலைவருக்குரிய சான்றிதழைப் பெற்றுவிட்டார்.

அந்நாளில் தென் துருவத்தில் மனிதன் காலடி பட்டதில்லை. 1901-இல் ஸ்காட் என்ற கடற்படை அதிகாரியின் தலைமையில் டிஸ்கவரி என்னும் கப்பல் அங்குப் புறப்பட்டபோது ஷாக்கில்டனும் உடன் சென்றார். ஸ்காட், வில்சன், ஷாக்கில்டன் மூவரும் அதுவரை எவரும் போகாத தெற்கு எல்லைவரை சென்று திரும்பினர். காய்கறி பழமின்றி நெடுநாள் கழிக்கும் மாலுமிகளைத் தாக்கும் ஸ்கர்வி நோய் மூவரையும் பிடித்தது. ஷாக்கில்டனின் நிலை மிகவும் மோசமாகவே, ஸ்காட் அவரை 1903-இல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அந்த அவமானம் அவர் மனத்தை விட்டு அகலவேயில்லை என்பர்.

1904-இல் எமிலி டார்மன் என்னும் பெண்மணியை மணந்தார். மூன்று குழந்தைகள் பிறந்தனர். கரையில் அவர் தொட்டது எதுவும் துலங்கவில்லை. பாராளுமன்றத் தேர்தலில் நின்றார், தோற்றார். தொழில்கள் தொடங்கினார், பணம் போயிற்று. எனவே கடன் வாங்கி, நிம்ராட் என்னும் பழைய சிறு கப்பலில் 1907-இல் தாமே தலைவராகித் தென் துருவம் நோக்கிக் கிளம்பினார்.

இந்தப் பயணத்தில் நடந்த ஒன்றை நாம் நிறுத்திப் பார்க்க வேண்டும். 1909-ஆம் ஆண்டு ஜனவரி 9-ஆம் நாள் ஷாக்கில்டனும் தோழர் மூவரும் துருவத்துக்கு 180 கிலோமீட்டர் தொலைவில் நின்றார்கள். அதற்குமுன் அவ்வளவு அருகில் எவரும் சென்றதில்லை. இன்னும் சில நாள் நடந்தால் உலகப் புகழ் கிட்டும். ஆனால் கையிருப்பு உணவு திரும்பி வரப் போதாது. ஷாக்கில்டன் கணக்குப் பார்த்தார். கொடியை அங்கேயே நட்டுவிட்டுத் திரும்பினார். செத்த சிங்கத்தைவிட உயிருள்ள கழுதை மேலல்லவா என்று பிற்பாடு தம் மனைவியிடம் வேடிக்கையாகக் கேட்டாராம். திரும்பும் வழியில் பிராங்க் வைல்ட் என்ற தோழர் வயிற்று நோயால் துவண்டபோது, தம் பங்குக்கு வந்த ஒரே ஒரு பிஸ்கட்டை வற்புறுத்தி அவர் கையில் திணித்தார். எத்தனை ஆயிரம் பவுன் கொடுத்தாலும் அந்தப் பிஸ்கட்டுக்கு ஈடாகாது என்று வைல்ட் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். சாகும்வரை ஷாக்கில்டனை விட்டு அவர் பிரியாததற்கு இந்த ஒரு பிஸ்கட்டும் காரணமாக இருந்திருக்கும்.

நாடு திரும்பியதும் மன்னர் அவருக்கு சர் பட்டம் அளித்தார். ஆனால் 1911 டிசம்பரில் நார்வே நாட்டு அமுண்ட்சென் துருவத்தை அடைந்துவிட்டார். 1912 ஜனவரியில் ஸ்காட்டும் அடைந்து, திரும்பும் வழியில் தம் தோழர்களுடன் மாண்டார். துருவம் கைநழுவிப் போனதால் ஷாக்கில்டன் புதிதாக ஒன்றை எண்ணினார். ஒரு கரையில் இறங்கி, துருவத்தைக் கடந்து, மறுகரையில் ஏறுவது. அதாவது அண்டார்டிகாக் கண்டம் முழுவதையும் குறுக்கே நடப்பது. சுமார் 2,900 கிலோமீட்டர்!

ஏறத்தாழ ஐயாயிரம் பேர் சேர விரும்பி விண்ணப்பித்தனர். ஆபத்தும் குளிரும் குறைந்த சம்பளமும் காத்திருக்கின்றன என்று அவர் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்ததாகப் பல பொது அறிவு நூல்களில் காணலாம். அந்த விளம்பரத்தைப் பழைய பத்திரிகைகளில் எவ்வளவோ தேடியும் ஆராய்ச்சியாளர்கள் கண்டெடுத்ததில்லை. மாறாக, உண்மையிலேயே கிடைத்திருப்பது மூன்று இளம் பெண்கள் கூட்டாக எழுதிய விண்ணப்பம். தாங்கள் திடகாத்திரமானவர்கள், எந்தக் கஷ்டத்துக்கும் தயார், பெண்களுக்குரிய ஆடை இடையூறென்றால் ஆண் உடை அணிந்துகொள்ளவும் சம்மதம் என்று எழுதியிருந்தார்கள். பெண்பாலருக்கு இடம் காலியில்லை என்று மரியாதையாகப் பதில் போயிற்று. அப்பதிலைப் படித்து நம் விடுதி மாணவியர் சிலருக்கு வந்த கோபத்தை இங்கு விவரிக்க இடமில்லை.

நார்வேயில் கட்டப்பட்ட மரக்கப்பல் ஒன்றை வாங்கி, தம் குடும்பத்தின் குறிச்சொல்லை ஒட்டி அதற்கு எண்டியூரன்ஸ் என்று பெயரிட்டார். பொறுத்து நிற்றல் என்பது அதன் பொருள். நீளம் 144 அடி. 1914 ஆகஸ்டில், முதல் உலகப்போர் தொடங்கிய அதே வாரத்தில், அது இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டது. கப்பலையும் ஆட்களையும் போருக்கே தருவதாக ஷாக்கில்டன் சொல்லிப் பார்த்தார். அரசு போய்வரச் சொல்லிவிட்டது. கப்பலில் 28 பேர், அறுபதுக்கும் மேற்பட்ட நாய்கள், தச்சர் மக்நிஷ் வளர்த்த ஒரு பூனை. அந்த 28 பேரில் ஒருவன் திருட்டுத்தனமாக ஏறி அலமாரிக்குள் ஒளிந்திருந்த பதினெட்டு வயதுப் பையன் பிளாக்பரோ. பிடிபட்டதும் தலைவர் அவனைக் கண்டபடி திட்டினார். பிறகு, பசி வந்தால் ஒளிந்து வந்தவனைத்தான் முதலில் தின்போம், தெரியுமா என்று கேட்டு, வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்.

1915 ஜனவரியில், கரையை அடைய ஒரு நாள் பயணமே இருந்தபோது, வெட்டல் கடலில் பனிக்கட்டிகள் கப்பலைச் சூழ்ந்து இறுகிக்கொண்டன. வெட்டிப் பார்த்தார்கள், இடித்துப் பார்த்தார்கள், அசையவில்லை. பத்து மாதம் பனியோடு பனியாகக் கப்பல் மிதந்துகொண்டே போயிற்று. சூரியனே எழாத குளிர்காலத்தில் கப்பலுக்குள் நாடகம் போட்டார்கள், பாட்டுப் பாடினார்கள், பனிமேல் பந்து விளையாடினார்கள். ஒருவனும் சும்மா உட்கார்ந்து மனம் சோரக்கூடாது என்பது தலைவரின் கட்டளை. கடைசியில் பனியின் நெருக்கலில் மரங்கள் முறியத் தொடங்கின. அக்டோபர் 27-ஆம் நாள் எல்லாரையும் கீழே இறங்கச் சொன்னார். நவம்பர் 21-ஆம் நாள் எண்டியூரன்ஸ் மூழ்கியது.

கண்டத்தைக் கடக்கும் கனவு அத்துடன் முடிந்தது. 28 பேரையும் வீடு கொண்டு சேர்ப்பதே இனி வேலை என்று அன்றே முடிவு செய்தார். ஆளுக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான சொந்தப் பொருளே எடுத்துவரலாம் என்று விதித்துவிட்டு, முதலில் தம் சட்டைப் பையிலிருந்த தங்க நாணயங்களைப் பனியில் வீசினார். அலெக்சாந்திரா அரசியார் கொடுத்தனுப்பிய வேதாகமத்திலிருந்து மூன்று தாள்களை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டு, நூலை வைத்துவிட்டார். மாலுமி ஒருவர் யாருக்கும் தெரியாமல் அதை எடுத்துப் பத்திரப்படுத்தினார். ஆனால் ஹஸ்ஸி என்பவரின் பான்ஜோ என்னும் நரம்பிசைக் கருவி, எடை மிகுந்திருந்தும், கட்டாயம் வரவேண்டும் என்றார். மனத்துக்கு அது மருந்து என்பது அவர் கருத்து. படுக்கைப் பைகளில் 18 தான் கதகதப்பான தோல் பைகள், மற்றவை கம்பளி. சீட்டுக் குலுக்கினார்கள். எப்படியோ தோல் பையெல்லாம் சாதாரண மாலுமிகளுக்கும், கம்பளிப் பை தலைவருக்கும் அதிகாரிகளுக்குமே விழுந்தன! அந்தக் குலுக்கலில் சூது இருந்தது என்பது எல்லாருக்கும் தெரியும், யாரும் முறையிடவில்லை. பூனையையும் நாய்க்குட்டிகளையும் அவர் சுடச் சொன்னதைத்தான் தச்சர் மக்நிஷ் கடைசிவரை மன்னிக்கவில்லை. பெரிய நாய்களும் பின்னர் ஒவ்வொன்றாய்ப் போயின.

ஐந்து மாதம் பனிப்பாளத்தின்மேல் கூடாரம். பாளம் உடைந்ததும் 1916 ஏப்ரலில் மூன்று படகுகளில் ஏறி, ஆள் நடமாட்டமே இல்லாத எலிஃபண்ட் தீவில் கரையேறினார்கள். 497 நாட்களுக்குப் பின் கால்கள் நிலத்தைத் தொட்டன. ஆனால் அங்கு வந்து காப்பாற்ற யாரும் இல்லை. ஆகவே ஜேம்ஸ் கேர்ட் என்ற படகைத் தச்சர் மக்நிஷ் உயர்த்தி, கித்தான் போட்டு மூடி, ஓவியரின் எண்ணெய் வண்ணத்தையும் சீல் இரத்தத்தையும் கொண்டு இடுக்குகளை அடைத்தார். சுமார் 7 மீட்டர் நீளமுள்ள அந்தப் படகில் ஷாக்கில்டன், வோர்ஸ்லி, கிரீன், மக்நிஷ், மக்கார்த்தி, வின்சென்ட் ஆகிய அறுவர், உலகிலேயே கொந்தளிப்பு மிகுந்த கடலில், 1,500 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த தெற்கு ஜார்ஜியாத் தீவை நோக்கிச் சென்றனர். பதினாறு நாள் பயணத்தில் வோர்ஸ்லிக்குச் சூரியனைப் பார்த்துத் திசை கணிக்க வாய்த்தது நான்கே முறை. கணக்கு ஒரு சிறிது பிசகினாலும் தீவைத் தவறவிட்டு நடுக்கடலுக்குப் போயிருப்பார்கள். பிசகவில்லை.

ஆனால் இறங்கியது தீவின் ஆளற்ற பக்கம். திமிங்கில வேட்டையாளர் நிலையம் மறுபக்கத்தில். இடையே எவரும் ஏறிக் கடந்திராத பனிமலைகள். படகிலிருந்து கழற்றிய திருகாணிகளைக் காலணியில் பதித்துக்கொண்டு ஷாக்கில்டனும் வோர்ஸ்லியும் கிரீனும் 36 மணி நேரம் நிற்காமல் நடந்தனர். ஓரிடத்தில் இருவரும் களைத்துத் தூங்கிவிட்டனர். தாமும் உறங்கினால் மூவரும் விறைத்துவிடுவோம் என்று ஷாக்கில்டன் விழித்திருந்தார்; ஐந்தே நிமிடத்தில் அவர்களை எழுப்பி, அரை மணி நேரம் தூங்கிவிட்டீர்கள் என்றார். அவர்களும் நம்பி, தெம்பாக நடந்தார்கள். பொய்தான். எங்களில் எவரும் இதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த நடையில் தங்களுடன் கண்ணுக்குத் தெரியாத இன்னொருவர் வந்ததுபோல் மூவருக்குமே தோன்றியதாகப் பின்னர் கூறினார்கள். மே 20-ஆம் நாள் பிற்பகல் நிலையத்தின் கதவைத் தட்டியபோது, கரிபிடித்த முகங்களை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. போர் எப்போது முடிந்தது என்று ஷாக்கில்டன் விசாரித்தார். முடியவில்லை என்றும், இலட்சக்கணக்கில் மக்கள் மடிகிறார்கள் என்றும் அறிந்தார்.

எலிஃபண்ட் தீவிலோ 22 பேர் கவிழ்த்துப் போட்ட இரு படகுகளின் கீழ் நான்கு மாதத்துக்குமேல் கிடந்தனர். குளிரில் அழுகிய பிளாக்பரோவின் கால்விரல்களை மருத்துவர்கள் அங்கேயே அறுத்தெடுத்தார்கள். தலைவர் இன்று வரலாம், மூட்டையைக் கட்டுங்கள் என்று வைல்ட் தினந்தோறும் காலையில் சொல்லிவந்தார். மூன்று முறை மூன்று கப்பல்களில் ஷாக்கில்டன் வந்து, பனி மறிக்கத் திரும்பினார். நான்காம் முறை, சிலி நாட்டு யெல்ச்சோ என்னும் சிறு கப்பலில், லூயிஸ் பார்டோ என்ற தலைவருடன் ஆகஸ்டு 30-ஆம் நாள் வந்து சேர்ந்தார். படகு நெருங்கும்போதே கரையில் நின்ற தலைகளை எண்ணினார். 22.

வினா விடைப் புத்தகம் இந்த இடத்தில் நின்றுவிடுகிறது. மாணவி காகிதம் செருகியிருந்ததோ இதற்கடுத்த பகுதியில்.

கண்டத்தைக் குறுக்கே கடப்பவர்கள் முழு வழிக்கும் உணவு சுமக்க இயலாது. ஆகவே மறுகரையான ராஸ் கடலுக்கு அரோரா என்ற இரண்டாம் கப்பலையும் ஷாக்கில்டன் அனுப்பியிருந்தார். அதன் ஆட்கள் கரையிலிருந்து உள்நோக்கிச் சென்று, அவர் வரும் வழியில் உணவுக் குவியல்கள் வைக்க வேண்டும். அவர்களின் தலைவர் மக்கின்டாஷ். இந்தியாவில், பீகாரின் திர்ஹுத் பகுதியில் பிறந்தவர். முன்பு நிம்ராட் பயணத்தில் ஒரு கண்ணை இழந்தவர். 1915 மே மாதம் புயலில் அரோரா நங்கூரம் அறுந்து அடித்துச் செல்லப்பட்டது. பத்துப் பேர் போதிய உடையும் உணவும் இல்லாமல் கரையில் சிக்கினர். தாங்கள் போகாவிட்டால் ஷாக்கில்டன் பட்டினியால் சாவார் என்று எண்ணி, பழைய கித்தானில் கால்சட்டை தைத்துக்கொண்டு, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்து, சொன்ன இடங்களிலெல்லாம் உணவை வைத்தே முடித்தார்கள். கடைசிக் குவியலை அவர்கள் வைத்தது 1916 ஜனவரியில். எண்டியூரன்ஸ் அப்போது கடலடிக்குப் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. அந்த உணவைத் தின்ன எவரும் வரவில்லை.

திரும்பும் வழியில், மார்ச் 9-ஆம் நாள், ஸ்பென்சர் ஸ்மித் என்னும் இறைப்பணியாளர் ஸ்கர்வி நோயால் சறுக்கு வண்டியிலேயே இறந்தார். நாற்பது நாட்கள் தோழர்கள் அவரை இழுத்து வந்திருந்தனர். மே 8-ஆம் நாள் மக்கின்டாஷும் ஹேவர்டும் மெல்லிய கடற்பனிமீது நடந்து போனார்கள், புயல் எழுந்தது, பிறகு எவரும் அவர்களைக் காணவில்லை. ஜேம்ஸ் கேர்ட் படகிலிருந்தவர்கள் தெற்கு ஜார்ஜியாவின் கரும்பாறைகளைக் கண்டு மகிழ்ந்ததும் அதே மே 8-ஆம் நாள்தான். எஞ்சிய எழுவரை மீட்க 1917 ஜனவரியில் அரோரா சென்றபோது ஷாக்கில்டன் அதில் சாதாரண அதிகாரியாக உடன் போனார். காணாமற்போன இருவரின் உடல்களையும் தேடினார், கிடைக்கவில்லை.

ஆகவே விடை மூவர்தான். இதனால் ஷாக்கில்டனின் பெருமை குறைந்தது என்று நாங்கள் கருதவில்லை. ஆனால் அவர் போட்ட திட்டத்தில், பணமும் ஏற்பாடும் குறைவாய் அனுப்பப்பட்ட பக்கம் அது என்பதை மறைக்கவும் முடியாது. உயர்த்திக் கட்டிய படகினால் எல்லாரையும் காப்பாற்றிய தச்சர் மக்நிஷுக்குப் பதக்கம் கிடைக்காமல் செய்ததும் அவரே. ஒருமுறை பனிமீது தம் கட்டளையை எதிர்த்தார் என்பதற்காக. இதை எங்களால் ஏற்க முடியவில்லை. மக்நிஷ் நியூசிலாந்தில் 1930-இல் ஏழையாக இறந்தார். 2004-இல் அவர் கல்லறைமீது அவருடைய பூனையின் சிலையை வைத்திருக்கிறார்கள்.

ஷாக்கில்டன் மீண்டும் கடலுக்குத்தான் போனார். வீட்டில் எமிலி அம்மையார் மூன்று குழந்தைகளையும் பெரும்பாலும் தனியாகவே வளர்த்தார். 1921-இல் குவெஸ்ட் என்ற கப்பலில், வைல்ட், வோர்ஸ்லி முதலிய பழைய தோழர்களுடனும், சாரணர் இயக்கச் சிறுவன் ஒருவனுடனும் தெற்கே கிளம்பினார். தெற்கு ஜார்ஜியாவை அடைந்த மறுநாள், 1922 ஜனவரி 5-ஆம் நாள் விடியுமுன், மாரடைப்பால் இறந்தார். வயது 47. சுமார் 40,000 பவுன் கடன் பாக்கி இருந்தது. உடலை இங்கிலாந்துக்குக் கொண்டுபோகும் வழியில் எமிலி அம்மையாரின் செய்தி வந்தது: தெற்கு ஜார்ஜியாவிலேயே புதையுங்கள் என்று. மார்ச் 5-ஆம் நாள் அவ்வாறே திமிங்கில வேட்டையாளர்களின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தனர். 2011-இல் வைல்டின் அஸ்தியையும் கொண்டுவந்து அவருக்கு வலப்பக்கத்தில் வைத்தார்கள்.

கப்பல்களைப் பற்றி நம் மாணவியர் குறித்துக்கொள்ளலாம். டிஸ்கவரி இன்று ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் காட்சிக்கு நிற்கிறது. ஜேம்ஸ் கேர்ட் படகு அவர் பாதியில் விட்டுச் சென்ற டல்விச் பள்ளியிலேயே இருக்கிறது. எண்டியூரன்ஸ் 2022 மார்ச் 5-ஆம் நாள், அதாவது அவரை அடக்கம் செய்து சரியாக நூறு ஆண்டு நிறைந்த அன்று, வெட்டல் கடலில் 3,008 மீட்டர் ஆழத்தில் கண்டெடுக்கப்பட்டது. மரத்தை அரிக்கும் புழு அக்கடலில் இல்லாததால் பின்புறத்தில் பொறித்த பெயர்கூட அழியாமல் இருந்தது. குவெஸ்ட் 2024-இல் கனடாவின் கடற்பகுதியில் அகப்பட்டது. அரோராவோ 1917 ஜூனில் ஆஸ்திரேலியாவிலிருந்து சிலிக்கு நிலக்கரி ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. ராஸ் கடல் பயணத்தில் பணிபுரிந்த பழைய மாலுமி ஒருவரும் அதில் இருந்தார். சில மாதங்கள் கழித்து ஆஸ்திரேலியக் கரைக்கு அப்பால் உயிர்காப்பு வளையம் ஒன்று மிதந்து வந்தது. அதில் கப்பலின் பெயர் எழுதியிருந்தது.